இரண்டாயிரம் பேர் கூப்பிட்ட பெயர்

இயேசு மரி சூசை

கெல்சென்கிர்ச்சன்,
20.10.1986

அன்புள்ள மகள் திரேசம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் இந்தக் குளிரோடு கோபித்துக்கொண்டு நிற்கிறது.

முதலில் பிள்ளைகளின் புதினம். உன் அண்ணனின் சின்னவள் குமுதினி சொல்வதெழுதலில் வகுப்பில் முதலாவது. வாத்தியார் அம்மா அவளுடைய கொப்பியை ஜெர்மன் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டினாவாம். உன் லோறன்ஸ் உயர்தரப் பரீட்சையில் கணிதத்துக்கு எண்பத்தொன்பது எடுத்தான் என்ற கடிதத்தை இங்கேயுள்ள பங்குச் சாமியாருக்கும் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. இலக்கம் தெரியுந்தானே, அதை விரலால் தொட்டுக் காட்டினேன்.

இனிப் பெரிய புதினம். ராசன் இப்போது சம்பளத்துக்கு விளையாடுகிறான். உன் அண்ணன் ஜேசுரட்ணம் மகனை ஒன்பது வயதில் இங்கே கொண்டுவந்த நாளிலிருந்து பனித்தரையில் விழுந்து எழும்பியது வீண் போகவில்லை. பக்கத்து ஊர்க் கழகம், இரண்டாம் பிரிவு. புரட்டாதியில் கையெழுத்து வைத்தான். ஐஸ் ஹொக்கி என்று முன்பு எழுதினேனே, அதுதான். உறைந்த தரையில் கறுப்பு றப்பர் வட்டு ஒன்றை ஆளையாள் அடிப்பார்கள். வலைக்கு முன்னால் நிற்கிற கோல்கீப்பர் எங்கள் பிள்ளை. காலில் மெத்தை, கையில் மெத்தை, முகத்துக்குக் கம்பிக்கூடு. ஆட்டம் முடிந்து வரும்போது மூன்று கிலோ குறைந்திருப்பான். நான் சோற்றுப் பானையோடு காத்திருப்பேன்.

கழகத்துக்கு இரண்டு கோல்கீப்பர். மூத்தவன் நிற்பான்; எங்கள் பிள்ளை ஓர வாங்கில் இருந்துகொண்டு மற்றவர்கள் உள்ளே போக வெளியே வரப் படலை திறந்து விடுவான். போன ஞாயிறு மூத்தவனுக்குக் காய்ச்சல். ராசனை நிற்கச் சொன்னார்கள். முப்பத்துமூன்று அடி வந்தது, முப்பத்தொன்றைப் பிடித்துவிட்டான். நான் சேலைக்கு மேல் இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு வலைக்கு நேர் பின்னால் இருந்தேன். பக்கத்து வாங்கு மனுசி ஏதோ கேட்டா. எனக்குத் தெரிந்த ஜெர்மன் கொஞ்சந்தானே. அவனைக் காட்டி, நெஞ்சில் தட்டி, "மைன்" என்றேன். என்னுடையது என்று அர்த்தம். அவ தன் போத்தலிலிருந்து எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தா.

ஒன்று சொல்லவேண்டும். ஆட்டம் தொடங்கமுன் ஒலிபெருக்கியில் ஒருவர் முதற் பெயரைச் சொல்லுவார். சனம் இரண்டாம் பெயரைக் கத்தும். ராசனின் முறை வர அவர் "லோறன்ஸ்" என்றார். இரண்டாயிரம் பேர் "சூசைப்பிள்ளை" என்று கத்தினார்கள். அவர்களின் வாயில் அது நசிந்துதான் வருகிறது. ஆனாலும் உன் புருஷனின் பெயர்தானே. எழுபத்தேழில் அனுராதபுரத்து வீட்டோடு ராசனின் பிறப்புப் பத்திரம் எரிந்தபோது, நீ உன் லோறன்ஸின் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்திராவிட்டால் இவன் இங்கே வந்திருப்பானா? அதை நான் மறக்கவில்லை.

செபமாலை சொல்லும்போது உங்கள் இருவரையும் நினைக்கிறேன்.

அம்மா,
பேர்பெச்சுவா

*

குருநகர்,
02.12.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் ஐந்து கிழமை கழித்து வந்தது. ராசனின் புதினம் சந்தோசம். அவனுக்கு மாமியின் முத்தம்.

அங்கே அவருடைய பெயரைக் கத்துகிறார்கள் என்று வாசித்தேன். அவர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் விட்டு இந்தத் தையோடு மூன்று வருஷம். இங்கே அந்தப் பெயரைச் சொல்லுகிற ஆள் நான்தான், அதுவும் அவருக்காகப் பூசைக்குக் கொடுக்கிற அன்று மட்டும்.

லோறன்ஸ் நல்ல பிள்ளை. அதுதான் பயமும். வயது பதினெட்டு. ஆமி வந்தால் பெடியளை வரிசையாக இருத்தி ஏற்றிக்கொண்டு போகிறது. போன கிழமை நான்கு நாள் அவனைக் கோயில் மேல்மாடியில் படுக்கவிட்டேன். "அம்மா, கணக்குப் படிச்சு என்ன, ஓடப் படிச்சிருக்கலாம்" என்று பகிடி விடுகிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனை அண்ணையிடம் அனுப்ப யோசிக்கிறேன். கேட்டு எழுதுங்கோ.

உங்கள் மகள்,
திரேசம்மா

*

கெல்சென்கிர்ச்சன்,
06.01.1987

அன்புள்ள மகளுக்கு,

மூன்று இராசாக்கள் திருநாளன்று எழுதுகிறேன். உன் அண்ணனிடம் கேட்டேன். "கேக்கவும் வேணுமோ? உடனை அனுப்பச் சொல்லுங்கோ" என்றான். ராசனும், "மச்சான் வந்தா என்ரை அறையிலை படுக்கட்டும், ஆனா என்ரை மெத்தையள் நாறும் எண்டு சொல்லிவையுங்கோ" என்கிறான். கொழும்புக்குப் போய்ப் பாஸ்போட் எடுக்கிற அலுவலைப் பார்.

இங்கே மூத்த கோல்கீப்பருக்கு இடுப்பு விட்டுவிட்டது. இந்தப் பருவம் முழுக்க அவன் நிற்கமாட்டான். பாவம், அவனுக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். இனி ராசன்தான் முதலாம் ஆள். நேற்று ஒருவன் தனியாக ஓடி வந்தான். ராசன் வலையை விட்டு நான்கு அடி முன்னுக்குப் போய் நின்றான். நான் "பின்னுக்குப் போடா" என்று தமிழில் கத்தினேன். பிறகு கேட்டதற்கு, "அப்பம்மா, பின்னுக்கு நிண்டா அவனுக்கு வலை தெரியும். முன்னுக்குப் போனா நான் மட்டுந்தான் தெரிவன்" என்றான். அவனுக்குத் தெரியாதா, எனக்குத்தான் நெஞ்சு தண்ணியாகிறது.

அம்மா

*

கொழும்பு,
09.02.1987

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மருதானையில் ஒரு லொட்ஜில் நிற்கிறோம். பதினொரு நாளாகிறது.

பாஸ்போட் கந்தோரில் லோறன்ஸின் பிறப்புப் பத்திரத்தைக் கொடுத்தோம். அந்த மனுசன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஆளுக்கு எழுபத்தேழிலை பாஸ்போட் குடுத்தாச்சு. ஜெர்மனியிலை பொன் நகரத்து எம்பசியிலை இரண்டு தரம் புதுப்பிச்சும் இருக்கு. நீங்கள் ஆர்?" என்று கேட்டான். என் பிள்ளை என் முகத்தைப் பார்த்தான். பத்து வருஷத்துக்கு முன் நான் ஒரு கடதாசி கொடுத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

வழி ஒன்று இருக்கிறது. அந்தப் பாஸ்போட்டை வைத்திருக்கிறவர் எம்பசிக்குப் போய், இது என்னுடைய பெயர் இல்லை என்று எழுதிக் கொடுத்து அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அப்போதுதான் லோறன்ஸுக்கு அவனுடைய பெயரில் கொடுப்பார்களாம். ராசனுடைய விளையாட்டுக்கும் இருக்கிற அனுமதிக்கும் என்ன வரும் என்று எனக்கு விளங்குகிறது, அம்மா. விளங்கித்தான் கேட்கிறேன்.

ராசனுக்குத் தமிழ் எழுத்து மறந்துபோயிற்று என்றீர்கள். இந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கோ. அவன் ஏலாது என்றாலும் கோபிக்கமாட்டேன். அவனுடைய வாயால் வரட்டும்.

திரேசம்மா

*

கெல்சென்கிர்ச்சன்,
03.03.1987

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாம் நல்லபடி நடக்கும்.

கழகம் மேல் பிரிவுக்குப் போகிற போட்டிக்கு வந்துவிட்டது. சித்திரை வரைக்கும் ஆட்டம். பேப்பரில் ராசனைப் பற்றி அரைப் பக்கம். முடிந்ததும் இரண்டு வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் எழுதப்போகிறார்களாம். இந்த நேரத்தில் அவனுடைய தலையைக் குழப்பக்கூடாது. கோல்கீப்பர் ஒரு நொடி வேறு எதையும் நினைத்தால் போச்சு.

ஒன்று யோசித்தேன். லோறன்ஸ் வேறொரு பெயரில் வந்தால் என்ன? ஏஜென்சிக்காரர் செய்து கொடுக்கிறார்களாம். முன்பு நாங்கள் செய்ததுதானே. பெயரில் என்ன இருக்கிறது, ஆள் வந்து சேர்ந்தால் போதும்.

கொஞ்சம் பொறு, பிள்ளை.

அம்மா

*

கொழும்பு,
06.05.1987

அம்மாவுக்கு,

பஸ் நிலையத்தில் குண்டு வெடித்த பிறகு லொட்ஜுக்குப் பொலிஸ் வந்தது. அடையாள அட்டையைப் பார்த்து, யாழ்ப்பாணத்துப் பெடியள் எல்லோரையும் ஏற்றினார்கள். லோறன்ஸை ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கத்தோலிக்க மடத்துச் சாமியார் போய்க் கதைத்து எடுத்துவந்தார். இடது காது கேட்கவில்லை. இடப்பக்கம் இருந்து கூப்பிட்டால் திரும்புகிறான் இல்லை.

வேறு பெயரில் அனுப்பமாட்டேன். வேறு பெயரில் போய் வழியில் ஏதாவது நடந்தால் யாரைத் தேடுவது? தகப்பனின் உடம்பு கிடைக்கவில்லை. மகனுக்குப் பெயராவது இருக்கட்டும்.

ராசனுக்கு வாசித்துக் காட்டினீர்களா? ஓம், இல்லை, ஒரு சொல் எழுதுங்கோ. இனி நான் எழுதமாட்டேன்.

திரேசம்மா

*

கெல்சென்கிர்ச்சன்,
28.06.1987

அன்புள்ள மகள் திரேசம்மாவுக்கு,

இல்லை. வாசித்துக் காட்டவில்லை.

தபால்பெட்டித் திறப்பு என்னிடந்தான் இருக்கிறது. உன் அண்ணன் கண்ணாடித் தொழிற்சாலையிலிருந்து வருகிறபோது மூன்று மணியாகிவிடும், கடிதம் பதினொன்றுக்கு வரும். மாசி மாசம் வந்ததைச் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். இன்னும் ஒரு ஆட்டம் போகட்டும் என்று வைத்தேன். பிறகு இன்னும் ஒன்று. சித்திரையில் கழகம் மேல் பிரிவுக்கு ஏறியது. சனம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கட்டும், பிறகு சொல்லுவோம் என்று வைத்தேன். உன் வைகாசிக் கடிதம் வந்தது. அதை நின்றபடி வாசித்தேன். வாசித்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

ராசன் நிலக்கீழ் அறையில் மெத்தைகளைக் காயப் போட்டுக்கொண்டு நின்றான். இரண்டு கடிதத்தையும் வாசித்தேன். காது கேட்காத இடத்தை வாசிக்கும்போது, திரும்ப வாசிக்கச் சொன்னான்.

"எப்ப வந்தது முதல் கடிதம்?"

"மாசி பத்தொன்பது."

"மூண்டு மாசம்."

"உனக்காகத்தானடா."

"அப்பம்மா, நான் ஒண்டை விட்டா வலைக்குப் பின்னாலை சிவப்பு லைற் பத்தும், இரண்டாயிரம் சனமும் பாக்கும். நீங்கள் விட்டதை ஒருத்தரும் பாக்கேல்லை."

அவ்வளவுதான் சொன்னான். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு சாப்பாட்டுக் கதை மட்டுந்தான் கதைக்கிறான்.

அடுத்த நாள் தானாகக் கழகத்து மனேஜரிடம் போனான், கையெழுத்து வைக்க நான்கு நாள் இருக்கும்போது. உன் அண்ணனும் கூடப் போனான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ ஆராயிருந்தாலும் எனக்கு நீ கோல்கீப்பர். ஆனா இந்தப் பேரிலை இனி உன்னை இறக்க ஏலாது" என்றாராம். விளையாட்டு அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

இந்த மாசம் ஒன்பதாம் தேதி பொன் நகரத்துக்குப் போனார்கள். எம்பசி மேசையில் பாஸ்போட்டை வைத்து எழுதிக் கொடுத்தான். உன் அண்ணன் இங்கே பத்து வருஷமாகக் கடதாசியில் அவனுக்கு மாமன். அன்றைக்குத்தான் தகப்பன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தான். ஜெர்மன் அந்நியர் அலுவலகம் ராசனுக்கு மூன்று மாசத்துக்கு ஒரு கடதாசி கொடுத்திருக்கிறது. வழக்கு வரலாம் என்கிறார்கள். வேலைக்குப் போக ஏலாது, விளையாட ஏலாது. அனுராதபுரத்துப் பங்குக்கு அவனுடைய ஞானஸ்நானப் பதிவு கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை. கழகம் வேறொரு கோல்கீப்பரை எடுத்துவிட்டது. பேப்பரில் மூன்று வரி போட்டிருந்தார்கள்.

இந்த வருஷம் நான் பெருமையாக எழுத ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுப் பூசை முடிய அந்த வாங்கு மனுசி வழியில் கண்டு, ராசன் எங்கே என்று கையால் கேட்டா. பதில் சொல்ல எனக்கு ஜெர்மன் இல்லை. தமிழிலேயே சொன்னேன்: "என்ரை பேரன் தன்ரை மச்சானுக்குப் பேரைத் திருப்பிக் குடுத்திட்டான்." அவவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உன் பிள்ளையின் காதைத் திருப்பிக் கொடுக்க என்னால் ஏலாது.

ஒரு அலுவல் மட்டும் உண்டு. அதை என்னை நினைத்துத் தள்ளிவைக்காதே. எம்பசி உண்மையான லோறன்ஸின் படம் கேட்கிறது, ராசன் எழுதிக் கொடுத்ததோடு சேர்த்துக் கொழும்புக்கு அனுப்ப. எங்களிடம் இருப்பது சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கிய அன்று எடுத்தது, பல் விழுந்த முகம். அது உதவாது. இப்போதைய முகம் வேண்டும். ஸ்ரூடியோவில் எடுத்து, பின்பக்கம் பெயரை முழுதாக எழுதி, மடத்துச் சாமியாரிடம் கையெழுத்து வாங்கு. மூன்று பிரதி. உறையில் என்னுடைய பெயரைப் போட வேண்டாம், அண்ணனின் பெயரைப் போடு. திறப்பையும் அவனிடம் கொடுத்துவிட்டேன்.

எனக்குக் கடிதம் எழுத மனம் வராவிட்டால் எழுதாதே, பிள்ளை. லோறன்ஸின் புதுப் படத்தை மட்டும் உறையில் போட்டு அனுப்பு.

அம்மா,
பேர்பெச்சுவா