சாட்சிக்கு விடுப்பு இல்லை

மார்ச் 2, ஞாயிறு

வடக்கே வெளிநாட்டில் இருக்கும், எங்கள் ஊருக்கு உதவும் நட்பு நகரத்திலிருந்து பதினோரு பேர் வியாழக்கிழமை வருகிறார்கள். இது இருபத்திரண்டாம் வருடம். வரவேற்புத் துணியை எலி கடித்துவிட்டது. "ஒருமைப்பாடு வாழ்க" என்பதில் "வாழ்க" மட்டும் மிச்சம். அது போதும் என்று ஊர்க் கமிட்டி தீர்மானித்தது.

மாவட்டத் தலைநகரில் ஒரு பள்ளி நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பத்தாம் தேதி சேர வேண்டும்.

மார்ச் 3

கமிட்டித் தலைவர் எவரிஸ்தோவிடம் சொன்னேன்.

"போ தாயி, யாரு வேணாங்கறா? ஆனா பதினொண்ணாந்தேதி ஆத்தங்கரையில நீதான பேசணும். நீ இல்லாட்டி கோழியா வந்து சொல்லும்? இந்த வருசம் தண்ணிக்கு மோட்டார் கேக்கப்போறோம், ஞாபகம் இருக்குல்ல?"

பதினொன்றாம் தேதி நினைவு நாள்; போர்க்காலத்தில் ராணுவம் துரத்திய அன்று ஆற்றைக் கடந்தவர்களில் இன்று நான்கு பேர் இருக்கிறோம். ஒருவருக்குக் காது கேட்காது. ஒருவருக்குக் கெட்ட வார்த்தை இல்லாமல் பேச வராது. ஒருவர் எதிர்க்கட்சி. மிச்சம் நான்.

தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். பன்னிரண்டு வரை பொறுத்துக்கொள்வாராம்.

மார்ச் 6

வந்துவிட்டார்கள். சித்தி மகள் திரான்சித்தோ, ஏழ்மை குறைந்து தெரியக்கூடாதென்று ஃபிரிட்ஜின் மேல் துணி போர்த்திப் புனித அந்தோணியாரை நிறுத்தியிருக்கிறாள். வந்தவர்கள் கும்பிட்டார்கள். அந்தோணியார் உறுமினார்.

மார்ச் 8

என் வீட்டில் தங்கியிருக்கும் லொரெய்ன், கிணற்றிலிருந்து தானே தலையில் குடம் தூக்கிவந்தார். பாதி சிந்தியது. இதுபோல் மனநிறைவு தந்த காலை தன் வாழ்வில் இல்லை என்றார். மோட்டார் வந்தால் இந்த நிறைவு போய்விடுமே என்றும் கவலைப்பட்டார்.

மார்ச் 9

அன்று ஆற்றோடு போன தங்கை இர்மாவின் முகம் நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். "என் கையிலிருந்து நழுவினாள், அவளுக்கு ஐந்து வயது" — இது என் குரல்தான். இருபத்தொரு தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அவளைத் தேய்த்துவிட்டேனா? எவனுக்கு என்ன தெரியப்போவுது. எனக்கே தெரியலையே.

மார்ச் 11

ஆற்றங்கரையில் எழுந்து நின்றேன். "இனிமே இதைச் சொல்லமாட்டேன். சொன்னா அவ முகம் போயிடுது. என்னை விட்டுடுங்க." உட்கார்ந்துவிட்டேன்.

மொழிபெயர்க்கும் பெண் அதை அவர்கள் மொழியில் சொன்னாள். பதினோரு பேரும் அழுதார்கள். இதுவரை அதிகபட்சம் ஏழு.

மார்ச் 12

காலை ஏழு மணிக்குப் பையோடு வாசலில் நின்றேன். எவரிஸ்தோ ஓடிவந்தார்.

"தாயி, என்னா போடு போட்ட! உன் ஞாபகம் அழியக்கூடாதுன்னு நினைவு இல்லம் கட்டித் தர்றாங்களாம். பொறுப்பாளர் நீதான்."

"மோட்டார்?"

"அது ரெண்டாங்கட்டம். ஆனா நீ போயிட்டா முதல் கட்டமே இல்லைன்னுட்டாங்க."

பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஊர்க்கூட்டம். நான் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. ஒருமனதாக நிறைவேறியதாகக் குறிப்பில் எழுதியாயிற்று. எழுதும் செயலாளர் நான்தான்.

வெளியே வந்தால் திரான்சித்தோ, தலையில் குடத்தோடு. "போறதுன்னா போக்கா. நான் என்ன சொல்லப்போறேன்," என்றாள். சொல்லிவிட்டு நகரவே இல்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூன்றாவது நடையாம்.

பையை உள்ளே வைத்தேன்.

மார்ச் 13

நூலகத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 20

நினைவு இல்லம் திறந்தாயிற்று. முன்சுவரில் என் முகம், ஆளுயரத்துக்கு. எனக்கு வேலை நேரம் ஒன்பதிலிருந்து நான்கு வரை. திங்கள் விடுமுறை, குழு வந்தால் அதுவும் இல்லை. மோட்டார் இரண்டாம் கட்டத்திலேயே இருக்கிறது.

இன்று முதல் குழு, வேறொரு நகரத்துக்காரர்கள். எங்கிருந்து ஆரம்பிக்க என்று எவரிஸ்தோவிடம் கேட்டேன்.

"இனிமே சொல்லமாட்டேன்னு சொன்னியே தாயி, அங்கேருந்து."

ஆரம்பித்தேன்.