ஓடிபி என் போனுக்குத்தான் வரும்

ஜூன் 3, 2025, செவ்வாய்

கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் வேலையாகத் திட்டு வாங்கினேன். "உங்கள் பிரவுசர் பழையது. இந்தத் தளம் இதில் சரியாக இயங்காது." இயங்காதாமே! புத்தூரில் நான் பிரவுசிங் சென்டர் ஆரம்பித்த நாளிலிருந்து இதே பிரவுசர்தான். வருகிறவர்களின் பாஸ்வேர்டெல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. மாற்று என்றால் சும்மாவா?

இத்தனைக்கும் கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த இன்னொரு பிரவுசர் தினமும் 'என்னை வைத்துக்கொள்' என்று கெஞ்சுகிறது. போன வாரம் மூன்றாவதாக ஒன்றை இறக்கப் பார்த்தேன். 'நானே நன்றாக இருக்கும்போது அது எதற்கு?' என்று அதற்கும் குறுக்கே வந்து நிற்கிறது. கல்யாண புரோக்கர் தோற்றான் போங்கள்.

வீட்டுக்காரர் பெனடிக்ட், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் சொன்னேன். "மாத்தித் தொலையேன்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

ஜூன் 9

எதிர்வரிசையில் இன்னொரு பிரவுசிங் சென்டர் திறந்துவிட்டது. ஏசி. புது மெஷின்கள். நடத்துவது சரத்குமார் என்று ஒரு ஸ்ரீரங்கத்துப் பையன். திறப்புக்கு லட்டோடு வந்து, "நீங்கதான் க்கா இந்த ஏரியாவுல சீனியர். ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றான். பண்ணினேன். லட்டு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூன் 17

வீரமலை தொட்டியத்திலிருந்து வாழைத்தார் இறக்க காந்தி மார்க்கெட் வரும்போதெல்லாம் என் கடைக்கும் வருவார். பயிர் இன்சூரன்ஸ், பட்டா, எல்லாம் என்னிடம்தான். இன்று மகள் வைஷ்ணவியையும் கூட்டி வந்தார். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு சர்டிபிகேட் ஏற்ற வேண்டும். பழைய பிரவுசரில் அந்த வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடைத்துத் திறந்தேன். மறுபடி சுற்றல்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம், எதுத்தாப்ல ஒரு தடவை பாத்துட்டு வந்துடறோம்" என்றார் வீரமலை.

இத்தனை வருஷம் வந்தவர், ஒரே ஒரு நாள் வட்டம் சுற்றியதற்குப் போய்விட்டார். எது சிறந்தது என்று யார் ஆராய்கிறார்கள்? ஒரு நாள் கடுப்பாகிறது, அவ்வளவுதான், கிளம்பிவிடுகிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் என் போனுக்கு ஓடிபி வந்தது. பின்னாலேயே போனில் சரத்குமாரின் குரல்: "அக்கா, வைஷ்ணவிங்கிற பொண்ணுக்கு ஒரு ஓடிபி வந்திருக்குமே, சொல்றீங்களா?"

அப்போதுதான் உறைத்தது. மே மாதம் வைஷ்ணவிக்குப் பதிவு செய்தபோது, போன் வீட்டில் இருக்கிறது என்றார் வீரமலை. சட்டென்று வேலை முடியட்டும் என்று என் நம்பரையே போட்டேன். அவருக்கு மட்டுமா? இந்தத் தொழிலில் இது வாடிக்கை. பாதிப் பேருக்கு என் நம்பர்தான்.

ஓடிபியைச் சொன்னேன்.

ஜூன் 18

இன்றும் ஓடிபிகள். யார் யார் என்னை விட்டுப் போனார்கள் என்று என் போனே சொல்லிக் கொடுக்கிறது. நல்ல வேலைக்காரி நான்!

ஜூன் 26, வியாழன்

மதியம் வரை ஈ காக்கை இல்லை. கடை மூடினால் மறுபடி நான் முன்பு வேலை பார்த்த அந்த ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டர்தான். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களிடம் "அடுத்த கவுன்டர் போங்க" என்று சொல்லும் வேலை. மாட்டேன். சத்தியமாக மாட்டேன். இந்தக் கடை ஒன்றுதான் நானாக உண்டாக்கியது.

இவர் சோறு பிசைந்துகொண்டே சொன்னார்: "நீ எதுக்கு ஓடிபிய சொல்ற? ரெண்டு நாள் போனை எடுக்காத. ஒன்ன விட்டா அவங்களுக்கு வேலை நடக்காதுன்னு தெரிஞ்சா, தன்னால திரும்பி வருவாங்க."

"அது நியாயமா?" என்றேன்.

"கடைய நடத்தணுமா வேணாமா?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆனால் இரவெல்லாம் அதுவே மனசில் ஓடியது. பூட்டி வைத்தால் நிற்பார்கள்தான். நிற்பார்கள் இல்லையா?

ஜூலை 14, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மதியம் ஓடிபி வந்தது. சரத்குமார் கூப்பிட்டான். போன் மேஜையில் அதிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. மறுபடி ஓடிபி. மறுபடி அழைப்பு. திருப்பிக் கவிழ்த்து வைத்தேன். வரட்டும், இங்கே வரட்டும், வந்து கேட்கட்டும்! உள்ளுக்குள் ஒரு அல்ப சந்தோஷம்கூட.

வந்தது வீரமலை. வெயிலில் ரோட்டைத் தாண்டி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படியேறினார்.

"மேடம், போன் கீன் கெட்டுப்போச்சுங்களா? பாப்பா காலேஜ் லிஸ்ட் போட இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுதாம். உள்ள போகவே முடியல. நம்பர் ஒங்ககிட்டதான் வருதாம். புள்ள அழுவுது."

ஐயோ. போனை எடுத்துக்கொண்டு அப்படியே ஓடினேன், செருப்புகூடப் போடவில்லை. தார் ரோடு சுட்டது. எதிர்க்கடையில் முதல் தடவையாகக் காலை வைத்தேன். வைஷ்ணவி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், கண் வீங்கியிருந்தது. சரத்குமார் எழுந்து எனக்கு இடம் விட்டான். ஓடிபி போட்டு உள்ளே போனதும், முதலில் என் நம்பரை எடுத்துவிட்டு அவள் நம்பரை ஏற்றினேன். பிறகு அவளே காலேஜ்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். அஞ்சு மணிக்கு முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது.

போகும்போது வீரமலை கும்பிட்டார். "ஒங்களுக்குத்தான் வீண் தொந்தரவு மேடம்" என்றார்.

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தேவலை. பேட்ரிசியா, நீ என்ன காரியம் பண்ணின? ஒரு புள்ளையோட படிப்பையா பிடிச்சு வெச்ச? ச்சீ.

ஜூலை 15

பிரவுசரை மாற்றிவிட்டேன். முழு நாள் வேலை என்று பயந்து வருஷக்கணக்காக ஒத்திப்போட்டது. புதியது ஒரே கேள்விதான் கேட்டது: 'பழையதிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவரட்டுமா?' சரி என்றேன். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பாஸ்வேர்டெல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. பழையது தடுக்கவில்லை. போகிற பெண்ணுக்குச் சீர் கட்டிக் கொடுப்பதுபோல எல்லாவற்றையும் கொடுத்து அனுப்பியது.

நான் மட்டும் எதற்குப் பிடித்து வைத்திருக்கிறேன்?

மாலையில் ஒரு அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி வாசலில் மாட்டினேன்: "உங்கள் கணக்கில் என் போன் நம்பர் இருக்கலாம். உங்கள் போனோடு வாருங்கள். இலவசமாக மாற்றித் தரப்படும். பாஸ்வேர்டும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளலாம்."

இவர் அட்டையைப் படித்துவிட்டு, "ஒனக்குக் கிறுக்குத்தான் பிடிச்சிருக்கு" என்றார். பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 24

கூட்டம்! கடை திறந்தபிறகு இப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்லை. எல்லாம் நம்பர் மாற்றிக்கொண்டு போக. பாஸ்வேர்டு வைக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். "நீங்களே வைங்க மேடம், எனக்கென்ன தெரியும்" என்கிறார்கள். "முடியாது, நீங்கதான் வைக்கணும்" என்று அதட்டினேன். அதட்டி அதட்டித் தொண்டை கட்டிவிட்டது.

ஆகஸ்ட் 4

என் போனுக்கு இன்று ஒரு ஓடிபியும் வரவில்லை. கடைக்கும் யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 6

பயமாக இருக்கிறது. சும்மா வீராப்புக் காட்டிவிட்டேனோ? காலையில் பழைய ஆஸ்பத்திரி வழியாக வந்தேன். பில்லிங்குக்கு ஆள் தேவை என்று ஒட்டியிருந்தார்கள். பார்க்காத மாதிரி நடந்தேன். இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தேன், அதையும் எழுதித்தானே ஆகவேண்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

முன்னைப்போல் இல்லாவிட்டாலும் நாலு பேர் வருகிறார்கள். இன்று மதியம் வீரமலையும் வைஷ்ணவியும் வந்தார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறதாம், திருச்சியிலேயே. ஹாஸ்டலுக்கு விண்ணப்பம் போட வேண்டும். எழுந்து ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

"எதுத்தாப்ல கூட்டமா?" என்று கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதே எனக்கு.

"கூட்டமெல்லாம் இல்லைங்க. அந்தத் தம்பி சும்மாத்தான் உக்காந்திருக்கு. ஏசி வேற குளுகுளுன்னு ஓடுது."

"அப்புறம் ஏன் இந்த வேக்காட்டுல வந்து உக்காரறீங்க?"

வீரமலை சிரித்தார். "இப்ப எங்க வேணா போலாம்ல மேடம். அதான் இங்க வந்தோம்."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஸ்க்ரீன் பக்கம் திரும்பிக்கொண்டேன். விண்ணப்பத்தைத் திறந்து விவரமெல்லாம் போட்டு அனுப்பியதும் ஓடிபி கேட்டது. பழக்கதோஷம், என் கை என் போனுக்குப் போனது. வைஷ்ணவி தன் போனைப் பார்த்து எண்களைச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.