இன்னும் மூடாத இன்ஜின்

கரையாம்புத்தூர்
ஆடி முதல் வெள்ளி

தம்பி புகழ்வேந்தன் அவர்களுக்குத் தங்கவேல் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஓசூர்க் குளிர் உங்கள் மூச்சிரைப்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதுதான் என் முதல் கவலை. சாரலில் தலைக்குத் துண்டு கட்டாமல் பட்டறைக்குப் போகாதீர்கள்.

மேலே 'மாப்பிள்ளை' என்றுதான் கை தானாக எழுதியது. நீங்களும் இளவரசியும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிட்ட பிறகு அப்படி எழுத எனக்கு என்ன உரிமை? அடித்துவிட்டுத் தம்பி என்று போட்டேன். பார்க்க நன்றாக இல்லை, ஆனாலும் வேறு தாள் எடுக்கச் சோம்பலாக இருந்தது.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். ஆண்டாள் என்னை அங்காளம்மன் படத்துக்கு முன்னால் நிறுத்திக் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். இனிமேல் உங்களோடு போனில் பேசக்கூடாது, நேரிலும் பேசக்கூடாது. முப்பது வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவன் நான், வார்த்தையைக் கவனிக்காமல் இருப்பேனா? பேசமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுதமாட்டேன் என்று நான் எங்கே சொன்னேன்? அம்மன் கணக்குப் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

அவள் அப்படிக் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. உங்களிடம் மறைக்கக் கூடாது. இளவரசிக்கு ஆவணியில் கல்யாணம். சுத்துக்கேணியில் இடம். பையன் பெயர் பிரேம். முதல் மனைவி காய்ச்சலில் இறந்துவிட்டாளாம். நெல்லும் கரும்புமாகக் காணி இருக்கிறது, அதிர்ந்து பேசாத பிள்ளை. குறை சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, நானும் தேடித்தான் பார்த்தேன். அவர்கள் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். பழைய சம்பந்தத்தோடு போக்குவரத்து எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். நியாயம்தானே? அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தப் பயணத்தில்தான் நம் அம்பாசிடரும் காலை வாரியது. நிச்சயம் முடித்துத் திரும்பும்போது வில்லியனூர் தாண்டியதும் பின்னால் வெள்ளைப் புகை. ரேடியேட்டர் கொதித்து மூடியைத் தூக்கி எறிந்தது. பட்டுப்புடவை கட்டிய பெண்டுகள் எல்லாம் ரோட்டோரம் நின்று பஸ் பிடித்தார்கள். ஆண்டாள் வீடு வந்து சேரும்வரை வாயே திறக்கவில்லை. வந்ததும் மொத்தமாகத் திறந்தாள். அந்தப் பாழாப்போன வண்டியப் பழைய இரும்புக்காரங்கிட்டத் தள்ளுய்யா, கல்யாணத்துக்கு அது வாசல்ல நின்னா மானம் போவும் என்றாள். ஆடி முடிவதற்குள் ஓடவைக்கிறேன், இல்லாவிட்டால் நானே ஆளைக் கூப்பிடுகிறேன் என்று தவணை வாங்கினேன்.

ஆயிலைப் பார்த்தேன், பால் காபி மாதிரி இருந்தது. இன்ஜினுக்கு மேல்மூடியாக இருக்கிற ஹெட்டுக்கு அடியில் கேஸ்கெட் தகடு போய்த் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்கள் பக்கத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? பச்சையப்பனைக் கூப்பிட்டேன். இங்கே உங்கள் பழைய பட்டறைக்குப் பக்கத்தில் பம்ப்செட் ரிப்பேர் பார்ப்பானே, அவன்தான். நட்டுகளைக் கழற்றினோம், இன்ஜெக்டர்களைக் கழற்றினோம், ராக்கரையும் ராடுகளையும் எடுத்து வரிசையாக வைத்தோம். ஹெட்டைத் தூக்கினால் அசையவே இல்லை.

கரும்புத் தோட்டத்து போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீங்க மாமா, உப்பு என்று நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். நீங்கள் ஊரை விட்டுப் போன பிறகு யார் கேட்கப்போகிறார்கள் என்று குடம் குடமாக ஊற்றினேன். அந்த உப்பு, ஹெட்டு உட்கார்ந்திருக்கிற ஸ்டட்டுக் கம்பிகளில் துருவாக ஏறி ஹெட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் தட்டினோம். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகரும்தான், இது நகரவில்லை. பச்சையப்பன் ஸ்பானர் சரியில்லை, வெளிச்சம் சரியில்லை, வண்டி நிற்கிற திக்கு சரியில்லை என்று அடுக்கினான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கடைசியில் ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவிலே உளியைச் செருகி நெம்பட்டுமா என்றான். எனக்கு வந்த கோபத்தில் உளியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்துவிட்டேன். ஹெட்டு முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் ஆயுசுக்கும் ஒழுகும் என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லையா!

மறுநாள் அவன் போர் மோட்டார் தூக்குகிற ஆட்களிடமிருந்து மூன்று கால் கம்பத்தையும் செயினையும் இரவல் வாங்கி வந்தான். ஹெட்டில் செயினை மாட்டி இழுத்தோம். செயின் ஏறியது, ஹெட் ஏறியது, கூடவே இன்ஜினும் ஏறியது, வண்டியின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டன. எதிர்வீட்டுச் சிவப்பிரகாசம் வேலியோரம் நின்று, இன்னா தங்கவேலு, காரை வானத்துல வுடப்போறியா என்று கேட்டார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இறக்கி வைத்துவிட்டுப் பச்சையப்பனைச் சாப்பிடப் போகச் சொன்னேன்.

நீங்கள் பக்கத்தில் இருந்தால் இப்போது என்ன சொல்வீர்கள் என்று பம்ப்செட் மேடையில் உட்கார்ந்து யோசித்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு தடவை பாகூர் டாக்டர் வண்டிக்கு நீங்கள் செய்தீர்களே. வெளியிலிருந்து ஏன் மாமா இழுக்கணும், இன்ஜினைச் சுத்தவிட்டா பிஸ்டன் அமுக்குற காத்துல உள்ளேயிருந்து அதுவே தள்ளிக்கும் என்றீர்களே. காற்று வெளியே போகாமல் இன்ஜெக்டர்களைத் திரும்ப மாட்டினேன். டீசல் வராமல் பைப்பைக் கழற்றிவிட்டேன். நட்டுகளைப் பாதி மட்டும் ஏற்றி விட்டேன், ஹெட் எகிறி முகத்தில் அடிக்கக்கூடாதே. டிராக்டர் பேட்டரியைக் கொண்டுவந்து இணைத்தேன். செல்ஃப் அடிக்க ஓர் ஆள் வேண்டும். பச்சையப்பன் இன்னும் சாப்பிட்டுத் திரும்பவில்லை.

இளவரசி வந்தாள். நான் கூப்பிடவில்லை. கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்தாள், சாவியைத் திருப்பினாள். இன்ஜின் முக்கி முக்கிச் சுற்றியது. மூன்றாவது தடவை 'டப்' என்று ஒரு சத்தம். ஹெட் ஒரு விரல்கடை மேலே வந்து உட்கார்ந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அவள் இறங்கி வந்து பார்த்தாள். இது யாருப்பா சொன்ன வித்தை என்று கேட்டாள். பச்சையப்பன் என்றேன். பச்சையப்பண்ணனுக்கு இதெல்லாம் எங்கப்பா தெரியும் என்று சிரித்தாள். கோர்ட்டுக்குப் போய்வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு போகிறவள் நின்று, நீ கடுதாசி கிடுதாசி எழுதினாலும் எழுதுவே, நான் கேட்டேன்னு மட்டும் எழுதிடாதப்பா என்றாள். ஆகையால் அவள் உங்களைக் கேட்டதாக நான் எழுதவில்லை.

வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் மனசு இப்போது தெளிவாக இருக்கிறது. சுத்துக்கேணிக்குப் போக அவளுக்குச் சம்மதம்தான். உங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. யார்மேல் தப்பு என்று ஊர் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னது, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்குவதெல்லாம் ஒன்றுதான். நீங்கள் அவளுக்கு வேண்டாம் என்று ஆனபோது எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. எனக்கு ஆண்பிள்ளை இல்லை, அது உங்களுக்குத் தெரியும். ஒரு பேரப்பிள்ளை இருந்திருந்தால் அதைச் சாக்கிட்டாவது உங்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருப்பேன்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஹெட்டை வில்லியனூர் லேத்தில் காட்டினேன். வெடிப்பும் இல்லை, கோணலும் இல்லை. வழித்துத் துடைத்து வைத்திருக்கிறேன். புதுக் கேஸ்கெட்டும் வந்துவிட்டது. பச்சையப்பன் தினமும் வந்து, மாட்டிடலாமாண்ணே என்கிறான். நான் இன்றைக்கு ராகுகாலம், நாளைக்குக் கரிநாள் என்று தள்ளிக்கொண்டே போகிறேன். இன்னாய்யா, இன்ஜினைத் தொறந்து போட்டு அடைகாக்கிறியா என்று ஆண்டாள் திட்டுகிறாள். அவளிடம் எப்படிச் சொல்வது? அதை மூடிவிட்டால் உங்களிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றுமே இருக்காது.

நீங்களும் தனியாக இருந்துவிடாதீர்கள். நல்ல பெண்ணாக அமைய வேண்டும், வீடு நிறையப் பிள்ளைகள் பிறக்க வேண்டும். வரப்போகிற மாமனாருக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் சலித்துக்கொள்ளாமல் சொல்லிக்கொடுங்கள். அந்த மனுஷன் கொடுத்துவைத்தவர். உங்கள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைக்க வேண்டாம், வைத்தாலும் நான் வர முடியாது. எங்கே இருந்தாலும் என் ஆசீர்வாதம் உங்களுக்கு உண்டு.

கடைசியாக ஒரு சந்தேகம். ஹெட் நட்டுகளை எந்த வரிசையில் முறுக்க வேண்டும்? பச்சையப்பன் பட்டறை விலாசத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஆவணி பிறப்பதற்குள் வரட்டும். அதற்குப் பிறகு எழுதாதீர்கள், என் மகள் நன்றாக வாழ வேண்டும்.

நடுவில் தொடங்கி, மாற்றி மாற்றி வெளிப்பக்கம் போக வேண்டும், ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன், எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கவேல்