கையில் கொடுக்கலாகாது

ராணியின் அப்பாவுக்கு,

'என் அன்பே உருவான கணவருக்கு' என்று ஆரம்பிக்க வேண்டுமாம். வரதன் சொல்லிவிட்டுப் போனான். செத்தவரை எடுக்கப் பணம் தருகிற நம் சாவுச் சங்கத்துக்கு உனக்குப் பிறகு செயலாளர் அவன்தான். சங்கத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். முதல் பக்கத்தில் உன் படம், எதிரில் என் கடிதம். "அண்ணனப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுக்கா, ஸ்தாபகராச்சே" என்றான். அந்த நாலு வார்த்தையை மூன்று நாளாகத் தேடுகிறேன், கிடைத்தபாடில்லை.

பதினாறு வருஷம் உன்னை வாங்க, போங்க என்றேன். உன் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. செத்தவரை மரியாதையில்லாமல் பேசினால் பாவம் என்பார்கள். அந்தப் பாவம் என்னோடு போகட்டும், இன்றைக்கு நீ என்றுதான் எழுதப்போகிறேன். அச்சில் போடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு.

அல்சூர் சந்தில் அந்த ஒற்றை அறையில் குடும்பம் எப்படி நடந்தது என்று உனக்கு என்றைக்காவது தெரிந்ததா? மில்லில் சம்பளம் போட்ட அன்று கவரைப் பிரித்து, முதல் காரியமாகச் சங்கத்து எட்டணாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். அப்புறம் உன் பீடிக்கு, டீக்கு. மிச்சம்தான் என் கைக்கு வரும். வாடகை கொடுத்தது போக எனக்கு அரைப்படி அரைப்படியாகத்தான் அரிசி வாங்க முடியும். மூட்டையாக வாங்குகிறவளுக்கு ஒரு விலை, அரைப்படி வாங்குகிற எனக்கு அதைவிட ஜாஸ்தி. இல்லாதவளிடம்தான் கடைக்காரன் கூடுதலாக வாங்குவான். இது உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ ஒரு நாளும் கடைக்குப் போனதில்லை.

என் அம்மா வீட்டில் போட்ட பித்தளைக் குடம் பொங்கலுக்கு வீட்டில் இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் சேட்டுக் கடைக்குப் போய்விடும். ஊதுவத்தி உருட்டி உருட்டி அதை மீட்பேன். ஆயிரம் வத்தி உருட்டினால் ஒரு வேளைக் குழம்புக்குத் தேறும். கை கரி மாதிரி இருக்கும். சோறு பிசைந்து கொடுத்தால் சாம்பிராணி வாசனை அடிக்கிறது என்று ராணி முகத்தைச் சுளிப்பாள். பெற்ற பெண் என் கையைப் பார்த்து முகம் சுளித்தது எனக்கு எவ்வளவு வலித்தது தெரியுமா?

அவளுக்குக் காய்ச்சல் வந்த மாதம் நினைவிருக்கிறதா? இந்த ஒரு மாதம் மட்டும் சங்கத்துக்குக் கட்டாதீங்க, மருந்து வாங்கணும் என்று கெஞ்சினேன்.

"சாவு இன்னா சொல்லிக்கினா வரும்?" என்றாய்.

"பசி தெனம் சொல்லிக்கினுதானே வருது, அதுக்கும் ஒரு சங்கம் வைங்களேன்" என்றேன்.

நீ சிரித்துவிட்டு வெளியே போனாய். மருந்துக்கு நான் பக்கத்து வீட்டில் கை நீட்டினேன். அன்றும் நீ எட்டணா கட்டினாய்.

அப்புறம் நீயும் சொல்லிக்கொள்ளாமல்தான் போனாய். காலையில் மில்லுக்குப் போனவனை மத்தியானம் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சடைப்பு என்றார்கள். அழுதேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். அழுதுகொண்டே கணக்கும் போட்டேன், அதையும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ராணி எட்டாவது பாஸ் செய்திருந்தாள். ஹைஸ்கூலில் சேர அந்த வாரம்தான் கடைசி. சங்கத்திலிருந்து நூற்றிருபது ரூபாய் வரும் என்று எனக்குத் தெரியும். அதில் கொஞ்சத்தைக் கொண்டு உன்னை அனுப்பிவிட்டு, மிச்சத்தில் பெண்ணைச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். தப்பா?

வரதனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பாவம், அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கையில குடுக்க ரூல்ஸ் இல்லக்கா. அண்ணனே எழுதினது" என்று சங்கத்து நோட்டை விரித்துக் காட்டினான். உன் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. 'தொகை முழுவதும் அடக்கச் செலவுக்கே. வீட்டார் கையில், முக்கியமாகப் பெண்கள் கையில், கொடுக்கலாகாது.'

உன் உடம்பு அறை நடுவில் கிடக்கிறது. நான் கதவு மறைவில் நின்று அதைப் படிக்கிறேன். அரைப்படி அரிசியில் மூன்று வயிற்றை நிரப்பின இந்தக் கையையா நம்பாமல் போனாய்? யோவ், உனக்கு நான் என்னய்யா குறை வைத்தேன்?

நீ ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்தது. பேண்டு செட்டில் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு சிவப்புக் கோட்டு. பூப்பல்லக்கு, சரவெடி. பொரியோடு சில்லறையும் இறைத்துக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் போனார்கள். இப்படி ஒரு சாவு இந்தச் சந்திலேயே நடந்ததில்லை என்று ஊரே பேசிற்று. வீட்டில் அடுத்த நாளைக்கு அரிசி இல்லை.

சில்லறையைப் பொறுக்கத் தெருப் பிள்ளைகள் ஓடின. அவற்றோடு உன் மகளும் ஓடியிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. வெகு நேரம் கழித்து வந்து மூடின கையை என் முன்னால் விரித்தாள். "அம்மா, ஏழணா இருக்குது. பீஸுக்கு வெச்சுக்கோ" என்றாள்.

அவளை அடித்தேன். அப்பன் பிணத்துக்கு இறைத்த காசைப் பொறுக்கினாயே, வெட்கமில்லையா என்று கன்னத்தில் அறைந்தேன். அதுவரைக்கும் அழாத பெண் அப்போதுதான் அழுதாள். அந்த அடி உனக்கு விழுந்திருக்க வேண்டியது. நீ சௌகரியமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

ராணியை ஹைஸ்கூலில் சேர்க்கச் சொல்லி டீச்சரம்மா இரண்டு தரம் ஆள் அனுப்பினார். ராணி என் பக்கத்தில் உட்கார்ந்து வத்தி உருட்டினாள். இப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. மாப்பிள்ளை சம்பளக் கவரைப் பிரிக்காமல் அவளிடம் கொடுக்கிறார். கல்யாணம் பேசும்போது நான் போட்ட ஒரே கண்டிஷன் அது.

இனிப் போன மாதத்துச் சமாசாரம். ஜட்கா ஓட்டுகிற கண்ணியப்பன் செத்துப்போனான். அவன் பெண்டாட்டி சரோஜாவுக்கு இரண்டு கைக்குழந்தைகள். குதிரை மேல் சேட்டிடம் கடன். அதைக் கட்டிவிட்டால் குதிரை வீட்டில் நிற்கும், அவள் தம்பி வண்டி ஓட்டுவான், நாலு பேரும் பிழைத்துக்கொள்வார்கள். சங்கத்துப் பணத்தைக் கேட்டாள். வரதன் அதே நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். சந்து முனையில் பேண்டு செட்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

நான் போய் நடுவில் நின்றேன். "இன்னிக்கு மேளம் வாணாம், போங்கப்பா" என்றேன்.

"அக்கா, ஸ்தாபகர் எழுதினத நாம எப்பிடிக்கா கோடு போட்டு அடிக்கிறது?" என்றான் வரதன்.

"ஸ்தாபகர் பொண்டாட்டி சொல்றேன், அடி. அவரு எழுதினதுல நானும் எம் பொண்ணும் பட்டது சாலாதா?"

அப்போதுதான் முனுசாமி மாமா வாயைத் திறந்தார். உன்னோடு சின்ன வயசில் ஒரே சந்தில் இருந்தவர். "அவன் ஏன் அப்பிடி எழுதினான்னு உனக்குத் தெரியாதும்மா. அவன் அப்பன் செத்தப்போ, எடுக்கிறதுக்குன்னு தெருவுல காசு வசூல் பண்ணிக் குடுத்தாங்க. அவன் ஆத்தா அத்தினியையும் முந்தானையில முடிஞ்சுக்கினா. பொணம் முனிசிபாலிட்டி வண்டியில போச்சு. பசங்கல்லாம் அவன குப்பவண்டி, குப்பவண்டின்னு கூப்பிடுவாங்க. அத அவன் மறக்கவே இல்ல" என்றார்.

பதினாறு வருஷம் ஒரே பாயில் படுத்தாய். இதை ஒரு நாளாவது சொன்னாயா? உன் அம்மா நம் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். அவளுக்கு நீ ஒரு கற்பூரம் ஏற்றிப் பார்த்ததில்லை. கேட்டால், "அவ பேச்ச எடுக்காதே" என்பாய். நானும் அவள் ஏதோ ஆகாதவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் காசுல அவங்க இன்னா பண்ணாங்க மாமா?" என்று கேட்டேன்.

"ராகி மூட்டை வாங்கினா. ரெண்டு மாசம் இவனுக்குக் களி கிண்டிப் போட்டா" என்றார்.

அந்தச் சின்னப் பையனை நினைத்துக் கொஞ்சம் இரக்கம் வந்தது, மறைக்க மாட்டேன். அடுத்த நிமிஷமே கோபம் இரண்டு மடங்காக ஏறிற்று. அந்தக் களியைத் தின்று உயிர் பிழைத்தவன் நீ. தின்று வளர்ந்து, எழுத்துக் கற்று, அந்தக் கையாலேயே உன் மகளுக்குக் கிடைக்க வேண்டியதைத் தடுத்து எழுதி வைத்தாயே, இதை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

வரதனிடமிருந்து பென்சிலை வாங்கி நானே அந்த வரியை அடித்தேன். ஒருத்தரும் தடுக்கவில்லை. பணம் சரோஜா கைக்குப் போயிற்று. கண்ணியப்பனைத் தெரு ஆட்கள் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். குதிரை இன்றைக்கு வீட்டில் நிற்கிறது.

வருகிற அமாவாசைக்கு உன் அம்மாவுக்குப் படையல் போடப்போகிறேன். களியும் கீரைக் குழம்பும் செய்வேன். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது. முனுசாமி மாமாவைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். இனி வருஷா வருஷம் அவளுக்குத்தான் முதல் இலை. அவளுக்கு வைத்தது போக மிச்சம் இருந்தால் உனக்கும் ஒரு பிடி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் மருமகள்