இடக்கண்ணை மூடிப் பார்த்த மண்

இன்று காலை கை பட்டுத் தேநீர் கொட்டிவிட்டது. மேசையில் கிடந்த மண்கட்டி அதைக் குடித்தது. கல்லைப்போல் இறுகிக் கிடந்த கட்டி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களில் செதில் செதிலாகப் பிரிந்து சரிந்தது. பிறகு அந்த மணம் வந்தது. எங்கள் செம்மண்ணில் முதல் மழை விழும்போது எழும் மணம் அல்ல. வற்றிய குளத்தின் நடுவே நிற்பதுபோன்ற, கொஞ்சம் புளித்த, கனத்த மணம். உனக்கு அது தெரியும். வன்னியில் மண் பார்க்க வெட்டிய அந்தக் குழிக்குள் நாம் இருவரும் இடுப்பளவு ஆழத்தில் நின்றபோது, “எடியே, செத்த எருமையின்ரை மணமடி இது” என்று மூக்கைப் பொத்தியவள் நீதான்.

சென்ற வாரம் உன் அம்மாவின் வீட்டுச் சுவரடியில் எடுத்த கட்டி அது. நீ உயிரோடு இருந்த கடைசிக் காலத்தில் நான் உன்னோடு கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறேன், நீ குறுக்கே பேச முடியாத நேரம் பார்த்து.

என் இடக்கண்ணைப் பற்றி என் வீட்டாரைத் தவிர அறிந்தவள் நீ ஒருத்திதான். சிறுவயதில் வேலிக்குக் கதியால் வெட்டியபோது தெறித்த சிராய் அதில் பட்டது. பார்வை போகவில்லை, நிறம் போய்விட்டது. அந்தக் கண்ணுக்குச் சிவப்பும் பழுப்பும் நனைந்த சாக்கின் நிறத்தில்தான் தெரியும். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் ஒன்று மற்றதைக் குழப்பும். வலக்கண்ணால் மட்டும் பார்த்தால் எல்லாருக்கும் தெரிவதுபோலத் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படிக்க வந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்று நிறப்புத்தகத்தைக் கையில் தந்த அன்றுதான் எனக்கு விளங்கியது. வெயிலில் நின்று, மண்ணை நனைத்து, புத்தகத்தில் ஒட்டியிருக்கும் வண்ணச் சதுரங்களில் எது அதோடு பொருந்துகிறது என்று சொல்லவேண்டும். நான் ஒருமுறை கண்ணைத் திறந்தும் மூடியும் தடுமாறியதை நீ கவனித்திருக்கிறாய். அந்த ஞாயிறு கீரிமலையில், பெண்கள் கேணியின் படியில் இருந்து காலை நனைத்துக்கொண்டே கேட்டாய்: “ஏனடி மண்ணுக்குக் கண்ணடிக்கிறனீ? அது உன்னைக் கலியாணம் கட்டாது.”

சிரித்துச் சிரித்து நான் அழத் தொடங்கினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

நீ என்னைப் பாவம் பார்க்கவில்லை. அதற்காகவே உன்மேல் எனக்கு அத்தனை அன்பு வந்தது. “நான் பக்கத்திலை நிண்டால் உன்ரை இடத்தோளைத் தொடுறன். தொட்டால் இடக்கண்ணை மூடு. ஆரும் கேட்டால் தூசு விழுந்திட்டுது எண்டு சொல்லு” என்றாய். அதன்பிறகு எத்தனை குழிகள், எத்தனை வெயில்! உன் விரல் தோளில் படும், கண் தானாக மூடும். நாம் இருவரும் ஒரே மண் ஆய்வுக் குழுவில் வேலைக்குச் சேர்ந்தபோது, உன்னுடைய இந்த உதவி இல்லாவிட்டால் நான் விண்ணப்பித்தே இருக்கமாட்டேன் என்று உன்னிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

நிலமிழந்து உறவினர் வீடுகளில் இருந்த குடும்பங்களுக்கு வீடு கட்டத் தேர்ந்த காணியில்தான் அந்தக் குழியை வெட்டினோம். திருநெல்வேலியிலிருந்து விடியவே வான் வண்டியில் ஏறி, கடல்நீரேரி தாண்டி, வன்னிக்குள் போனோம். வருடத்தின் பெரும்பகுதி மழையைக் காணாத பக்கம். குன்றின்மேல் முள்மரமும் செம்பரலும்தான். காணி குன்றின் அடியில் இருந்தது. மேலே ஒரு சாணளவு செம்மண், குன்றிலிருந்து கழுவி வந்தது. அதைச் சுரண்டினால் கீழே வேறு மண்.

கோடையில் போயிருந்தால் யாரும் வாதாடியிருக்கத் தேவையில்லை. அந்தக் களிமண் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை வந்ததும் வீங்கி, வெடிப்பெல்லாம் மூடி, ஒன்றும் அறியாததுபோல் கிடக்கும். நாம் போனது மழைக்குப் பிறகு.

ஆனாலும் அடையாளங்கள் இருந்தன. ஒரு பிடியை நனைத்துப் பெருவிரலால் தள்ளினேன். நாடாபோல் நீண்டு முறியாமல் தொங்கியது. கட்டியைப் பிளந்தால் உள்முகங்கள் எண்ணெய் பூசியதுபோல் மின்னின. மண் வீங்கும்போது கட்டியோடு கட்டி உரசி வழுக்கிய தடம் அது. கடைசியாக நிறம். நம் வழக்கப்படி ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே சதுரத்தைத் தேர்ந்து, பிறகே வாய் திறக்கவேண்டும். பணியாள் ஒருவர் குழிக்கரையில் நின்றதால் நீ வாயால் சொல்லாமல் என் தோளைத் தொட்டாய். நான் கண்ணை மூடினேன். இருவரும் ஒரே சதுரத்தைச் சொன்னோம். கறுத்த சாம்பல்.

“ரெண்டு வாய், ஒரு நிறம்” என்று சிரித்தாய். பிறகு குழியிலிருந்து ஏறாமல் நின்று கேட்டாய்: “இதிலை வீடு கட்ட விடமாட்டினமோ?”

“விட்டால் சுவர் வெடிக்கும்” என்றேன்.

நீ குன்றைப் பார்த்தாய். உன் அம்மாவின் பெயரும் அந்தக் குடும்பங்களின் பட்டியலில் இருந்தது அப்போது எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை.

அடுத்தநாள் கூட்டத்தில் எங்கள் பொறுப்பாளர் சேர் கேட்டது ஒன்றுதான். செங்கபில மண்ணா, வீங்கும் கறுத்தக் களியா? செங்கபில மண்ணுக்கும் கீழே களி இருக்கும். அது பெரிதாக வீங்காது, வீட்டைத் தாங்கும். மற்றதென்றால் காணியைக் கைவிடவேண்டும். ஆய்வுகூட முடிவு வரும்வரை பொறுக்க யாருக்கும் நேரமில்லை. கறுத்தக் களி என்றேன். சேர் உன்னைப் பார்த்தார்.

“நான் பாத்தது செங்கபிலம், சேர்.”

“நேற்று ரெண்டுபேரும்…” என்று தொடங்குவதற்குள் நீ மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: “இவளுக்கு இடக்கண்ணிலை நிறம் தெரியாது, சேர். சின்னனிலை அடிபட்டது. சிவப்பெல்லாம் கறுப்பாத்தான் தெரியும். பாவம், வேலை போயிடும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

அந்தப் ‘பாவம்’. கீரிமலையில் நீ சொல்லாமல் விட்ட சொல்லை அங்கேதான் சொன்னாய்.

அறையில் இருந்த எல்லாரும் என் கண்ணைப் பார்த்தார்கள். “உண்மையே, பிள்ளை?” என்று சேர் கேட்டார். ஓம் என்றேன். “நான் அந்தக் கண்ணை மூடித்தான் பாத்தனான்” என்றதும் யாரோ சிரித்தார், “மூடிக்கொண்டு பாத்தவவாம்!” மின்னிய முகங்களைச் சொன்னேன். மண்வெட்டி பட்டாலும் மின்னும் என்றார் சேர். பிறகு அன்பாகவே சொன்னார்: “எங்கடை செம்மண்ணிலை ரெண்டடி வெட்டினால் கல்லுத் தட்டும், அத்திவாரம் அதிலை குந்தியிருக்கும். அங்கையும் மேலை செம்மண்தானே, பயப்பிடாதையும்.” யாழ் குடாநாட்டில் பிறந்தவருக்குச் சிவப்பைக் கண்டால் அடியில் சுண்ணக்கல் இருக்கும் என்றொரு நம்பிக்கை. அங்கே கல் இல்லை. அது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

பலாலி வீதியில் நீ பஸ்ஸுக்கு நின்றபோது உன்னைப் பிடித்தேன்.

“அம்மா பண்டத்தரிப்பிலை மாமி வீட்டு விறாந்தையிலை இன்னும் எவ்வளவு காலம் படுக்கிறது?” என்றாய். “மாமி விளக்குமாத்தை எடுத்தாலே அம்மா எழும்பி மற்றப் பக்கம் போய் இருக்கிறா. உனக்கு வீடு இருக்கு. உனக்கு விளங்காது.”

“எனக்குச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னால் நிறத்தை மாத்தியிருப்பியே?”

மாற்றியிருக்கமாட்டேன். அது உனக்கும் தெரியும். “அப்ப என்ரை கண்ணை ஏனடி சொன்னனீ?” என்று கேட்டேன்.

“வேறை என்னத்தைச் சொல்லுறது? மண் பொய் சொல்லுது எண்டு சொல்லேலுமே?”

பஸ் வந்தது. நீ ஏறினாய். நான் ஏறவில்லை.

பிறகு என்னைக் களத்திலிருந்து எடுத்து ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவ விட்டார்கள். அங்கு நீ என்னைத் தேடி இரண்டொரு தடவை வந்தாய். நான் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உனக்கு முதுகைக் காட்டினேன். வீடுகள் எழுந்தன, உன் அம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது. இங்கிருந்து போன மேசன்மார் இங்கே போடும் அத்திவாரத்தையே அங்கும் போட்டார்கள். ஒரு மாரியில் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. செத்தவீட்டுக்கு வந்தேன். புதுச் சுவரில் அப்போது ஒரு கீறல்கூட இல்லை. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன், உன் முகத்தை அல்ல.

சென்ற வாரம் உன் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். போனேன். யன்னல் மூலையிலிருந்து நிலம்வரை சுவர் கிழிந்திருந்தது. முற்றத்தில் வெடிப்புகள், நான் சொன்னதுபோலவே கை நுழையும் அளவில். அவற்றில் ஒன்று சுவருக்கு அடியில் போய் மறைந்தது.

“மாரியிலை உந்தக் கதவு இறுகித் திறக்கேலாது பிள்ளை. இப்ப பார், பூனை நுழையுது” என்றார் அம்மா. “நீ மண் படிச்சனீதானே, ஏன் இப்பிடி?”

சொன்னேன். மண் வீங்கிச் சுருங்குவதை, கூரைத் தண்ணீரைச் சுவரடியில் விடாமல் தூரக் கொண்டுபோகவேண்டியதை, யன்னலோரம் வைத்த வேம்பை அகற்றவேண்டியதை. இவையெல்லாம் வெடிப்பைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது என்பதையும் சொன்னேன். குனிந்து சுவரடியில் ஒரு கட்டியை எடுத்து நனைத்து வெயிலில் பிடித்தேன்.

“கண்ணுக்கு என்ன, பிள்ளை?”

“தூசு, அன்ரி.”

கறுத்த சாம்பல். அதே சதுரம்.

உன் அம்மா கதவின் இடைவெளியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார், அழுக்கு ஏதோ இருப்பதுபோல. “அவள் சொன்னவள், நல்ல மண் அம்மா, நான் கையாலை தொட்டுப் பாத்தனான் எண்டு. அவள் பிழை விட்டிருப்பாளே?”

ஒரு வசனம் போதும். நீ என்னைப் பற்றிச் சொன்னதைப்போல நானும் உன்னைப் பற்றிச் சொல்லலாம், ஆனால் உண்மையாக. அந்த வீட்டில் அவர் தனியே இருக்கிறார். உன் படத்துக்குப் பூ வைக்கப்பட்டிருந்தது. ஆணி அடித்த சுவர் சாய்ந்ததால் படமும் சாய்ந்திருந்தது.

“இல்லை, அன்ரி. அவளுக்கு மண் நல்லாத் தெரியும்” என்றேன்.

என் இரகசியத்தை நீ காக்கவில்லை. உன்னுடையதை என் தலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். இதையும் என்னிடம் கேட்டுத்தான் தரவேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை. உன்னை நான் மன்னித்துவிட்டதாக நினைக்காதே. சாய்ந்த படத்தை நேராக்கிவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

இப்போது மறுபடியும் களத்துக்குப் போகிறேன். என் கண்ணைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், ஒளிக்க ஒன்றுமில்லை. குழிக்குள் இறங்கியதும் எல்லார் முன்னாலும் இடக்கண்ணை மூடலாம். ஆனாலும் மண்ணை நனைத்து வெயிலில் பிடித்தபின் கை கொஞ்சநேரம் அப்படியே நிற்கிறது. கண் மூடுவதில்லை. என் இடத்தோள் இன்னும் உன் விரலுக்காகக் காத்திருக்கிறது.