வடைக் கூலி

2025 ஜனவரி 14

இன்று முழு நாளும் வேலை. காலையில் விசிற்றிங் கார்ட்டின் நிறத்தை மாற்றினேன். முந்தைய நீலம் ஏதோ பற்பசை விற்கிற மாதிரி இருந்தது. பின்னேரம் மில்லிக்கனில் இரண்டு பலசரக்குக் கடைகளில் நோட்டீஸ் ஒட்டினேன். "முதியோரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்று, டொக்டரோடு அவர்களுக்காகக் கதைப்போம்." கதைப்போமாம்! கொம்பனியில் இருப்பது நான் ஒருத்தி.

இடுப்பு முறிகிறது. என்னடி முடிந்தது என்று கேட்டால் – நிறம் முடிந்தது.

ஜனவரி 23

குணவதி அன்ரியைக் கண் டொக்டரிடம் கூட்டிப் போனேன். யூனியன்வில்லில் மகன் வீட்டில் இருக்கிறா. மகனும் மருமகளும் விடிய வேலைக்குப் போனால் இருட்டத்தான் வருவார்கள். வழக்கமாக டொக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிறவ, இன்று நான் மொழிபெயர்க்க, கேள்வி மேல் கேள்வி கேட்டா. எனக்கே பெருமையாக இருந்தது.

காரில் நடுங்கிக்கொண்டு வந்தா. ஹீற்றரைக் கூட்டவா என்றால், "இல்லைப் பிள்ளை, இந்தச் சூடு காணும்." இறங்கும்போது ஒரு பெரிய பெட்டி நிறைய உழுந்து வடை தந்தா. காசு கேட்க வாயெடுத்தேன். "கடவுள் மாதிரி வந்தாய்" என்றா. பிறகு எப்படிக் கேட்கிறது? விளம்பரம் என்று நினைத்துக்கொள்வோம்.

என் மனுசன் அல்பேட், பிறம்ரன் வெயர்ஹவுசில் ஓவர்டைம் முடித்து வந்து நாலு வடை தின்றார். "உம்மட கொம்பனியின்ர முதல் லாபம்" என்றார். இருவரும் சிரித்தோம்.

பெப்ரவரி 9

கிழமை முழுக்க ஓட்டம். எல்லாம் காசில்லாமல், சும்மா. சேர்ச்சில் பூசை முடிய, அப்பாவின் பழைய கூட்டாளி சீமோன் அங்கிள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அன்ரனெற் இருக்கேக்க டாக்சி என்னத்துக்கு?" எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

பெப்ரவரி 17

பனி. பல் கிளினிக் மனேஜர் மெலனி போன் எடுத்தா. பன்னிரண்டு வருடம் நான் இருந்த வரவேற்பு மேசை அது. ஒரு வருட லீவு மார்ச்சோடு முடிகிறது. "வாறீங்களா, வேற ஆளை எடுக்கட்டா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு கொம்பனி இணையத்தளத்தில் என் படத்தை மாற்றினேன். ஏன் மாற்றினேன்?

பெப்ரவரி 26

சண்டை. புது நோட்டீசை மூன்றாக மடித்துக்கொண்டிருந்தேன். அல்பேட் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "நீர் ஒரு ஆளிட்டையாவது விலை சொன்னனீரா?"

நான் எவ்வளவு ஓடுறன் எண்டு தெரியுமோ எண்டு கத்தினன். அவர் திருப்பிக் கத்தேல்லை. அதுதான் சுட்டது. ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. அன்ரி எண்டும் அங்கிள் எண்டும் கூப்பிட்ட வாயாலை எப்பிடிக் காசு கேக்கிறது? அதுக்குப் பயந்துதான் இந்த நிறம், படம், நோட்டீஸ் எல்லாம். விலையைத் தவிர மிச்சம் எல்லாம் செய்து வைச்சிருக்கிறன்.

மார்ச் 5

விபூதிப் புதன். சேர்ச் வாசலில் சீமோன் அங்கிள், "நாளைக்கு ஸ்கானுக்குப் போக வேணும்" என்றார். விலையைச் சொன்னேன். நெற்றியில் சாம்பலோடு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொப்பர் உயிரோடை இருந்தால் இப்பிடிக் கேப்பியோ?"

காரில் இருந்து அழுதேன்.

மார்ச் 11

போன் அடிக்கவில்லை.

மார்ச் 19

குணவதி அன்ரியிடமிருந்து ஜனவரிக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. கண்ணை மாதாமாதம் காட்ட வேண்டியவ. நானே போன் எடுத்தேன். டொக்டரிடம் இரண்டு தவணை போகவில்லையாம். கேட்டதும் பதறிவிட்டேன். அடுத்த வியாழன் கூட்டிப் போகிறேன், ஆனால் இனி இவ்வளவு எடுப்பேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

முடிஞ்சுது, இவவும் போயிட்டா எண்டு நினைச்சன்.

"அப்ப இனி உழுந்து ஊறப்போடத் தேவையில்லையோ?"

விளங்கவில்லை.

"நீ சும்மா வாறாய். நான் வெறுங்கையோடை காரிலை ஏறலாமே? முதல் நாள் முழுக்க நிண்டு சுட வேணும். இந்த முழங்காலோடை ஏலாமல்தான் பிள்ளை, ரெண்டு தரமும் விட்டனான். காசு எண்டால் மகன் தருவான். இதை நீ முதலே சொல்லியிருக்கலாம்."

வடையைத் தின்று சிரித்தோமே. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 28

அன்ரி சொல்லி, கோயில் முதியோர் சங்கத்திலிருந்து மூன்று பேர் போன் எடுத்தார்கள். மூவரும் முதலில் கேட்டது விலை. மெலனியிடம் கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் வருகிறேன் என்றேன். முணுமுணுத்துவிட்டு ஓம் என்றா.

ஏப்ரல் 24

குணவதி அன்ரிக்கு இந்த மாதத் தவணை. வாசலில் கைப்பையோடு மட்டும் நின்றா. ஏறினதும், "ஹீற்றரைக் கொஞ்சம் கூட்டு பிள்ளை" என்றா. கூட்டினேன். "இன்னும் கொஞ்சம்."

பின்னேரம் அல்பேட் வந்து குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"இண்டைக்கு அன்ரியின்ர நாளெல்லோ, வடை எங்கை?"

இனி வராது என்றேன்.