மகன் செய்த ஸ்பீக்கர்

மாசி, செவ்வாய் ராத்திரி.

கொழும்புல பாட்டு ரெக்கார்டிங் செய்யுற மூத்தவன், தானே வடிவமைச்ச ரெண்டு ஸ்பீக்கரோட தோட்டத்துல நாங்க இருக்குற லய வீட்டுக்கு வந்தான். மாசியில ஆடுற காமன் கூத்துல, புருஷன் காமன் எரிஞ்சதும் ரதி அழுவுற பாட்டு வருஷா வருஷம் நான்தான் பாடுறது. கதவைச் சாத்தி, மேளம் இல்லாம என்னைப் பாட வச்சு, அதைப் பதிஞ்சு போட்டுக் காட்டினான். வயசான என் குரல் நடுங்குறது அப்படியே கேட்டுச்சு.

"இது பொய் சொல்லாதுங்கப்பா. இந்த வருஷம் தம்பி பாடட்டும்."

"தப்பு மேளம் இல்லாம, கதவைச் சாத்தி உக்கார வச்சா ரதி எப்படிடா அழுவா?"

"மேளம் குரலை மறைச்சிரும்பா."

மேளம் கேட்டாத்தான் எனக்குக் குரலே எழும்பும். அதைக் கேட்டு வளந்த பயலுக்குத் தெரியாதா?

சாயங்காலம் சின்னவன் பாடினான். மேளம் இல்லாம தாளம் பிடிபடலையாம். கதவைத் தொறந்து வச்சாங்க.

"தப்பை நீங்க அடிங்கப்பா"ன்னான் மூத்தவன்.

அடிச்சேன். சின்னவன் நல்லாத்தான் பாடினான்.